கிரேக்கத்தில் கருப்பை

உர்சுலா ஆம்ப்ரோஸ் 1954இல் மருத்துவமனை ஒன்றில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தார். பஃபலோ ரோட்டில் வீடு. டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து நோயாளிகளின் அட்டைகளில் டைப் அடிப்பது வேலை. முதல் வாரமே ‘போர்போரிக்மை’ என்ற சொல்லைப் பார்த்துத் திணறிப்போனார். வயிறு கடகடவென்று உருளும் சத்தமாம். அந்தச் சத்தத்தைக் கேட்டே கிரேக்கர்கள் பெயர் வைத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் சிரிப்பு தாங்கவில்லை. பிராஸ் பசா ரோட்டுப் பழைய புத்தகக் கடையில், சொற்களின் பிறப்பைச் சொல்லும் தடித்த அகராதி ஒன்றை வாங்கினார். தடுப்பூசியைக் குறிக்கும் ‘வேக்சின்’, பசு என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தசையைக் குறிக்கும் ‘மஸில்’ லத்தீனில் சுண்டெலி. தேவாலயப் பூசையில் கேட்டுப் பழகிய லத்தீன் அட்டைகளிலும் எட்டிப் பார்த்தது.

1961இல் ஒருநாள் மொழிபெயர்ப்பாளர் லீவு. தமிழ் தெரிந்த உர்சுலாவைக் கூப்பிட்டார்கள். தேக்கா மார்க்கெட்டில் காய்கறி விற்கும் ரத்தினம்மா உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

“நாலு படி ஏறினா மூச்சு நிக்குது தங்கச்சி. படுத்தா நெஞ்ச அழுத்துது.”

உர்சுலா அதை ஆங்கிலத்தில் சொன்னார். இளம் டாக்டர் நிமிராமலே ‘ஹிஸ்டீரியா’ என்று எழுதினார்.

“மனப்பதற்றம்தான். வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள்.”

அந்தச் சொல் உர்சுலாவுக்குத் தெரியும். கிரேக்கத்தில் கருப்பை. அது உடம்புக்குள் இடம் மாறி அலைவதால்தான் பெண்களுக்கு மூச்சு முட்டுகிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். ரத்தினம்மாவின் அட்டையில் உர்சுலாவே டைப் அடித்த வரி ஒன்று இருந்தது: 1958, கருப்பை அகற்றப்பட்டது.

“டாக்டர், இந்தச் சொல்லுக்குக் கருப்பை என்று அர்த்தம். இவருக்கு அது கிடையாது.”

“நீங்கள் டைப்பிஸ்ட். சொல்லுக்கு என்ன அர்த்தமாக இருந்தால் நோய்க்கு என்ன?”

“சரிதான். ஆனால் நீங்கள் இன்னும் இவர் நெஞ்சைச் சோதிக்கவில்லை.”

டாக்டர் முகம் சிவக்க எழுந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். வெகுநேரம் கேட்டார். பிறகு எழுதியதை அடித்துவிட்டு, வார்டில் சேர்க்கச் சொன்னார். இதய வால்வு சுருங்கியிருந்தது.

“டாக்டர்கிட்ட என்னா சண்டை?” வெளியே வந்ததும் ரத்தினம்மா கேட்டார்.

“உங்க நோய்க்கு அவர் எழுதின வார்த்தைக்குக் கர்ப்பப்பைன்னு அர்த்தம் அக்கா.”

“அதத்தான் மூணு வருஷம் முன்னாடியே எடுத்துட்டாங்க லா!” ரத்தினம்மா சிரிக்கப் போய் மூச்சு வாங்கினார்.

மறுவாரம் அலுவலகத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. டைப்பிஸ்ட் நோய் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது. உர்சுலா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். டாக்டர் அதன் பிறகு அவரிடம் பேசவில்லை. ஆனால் டாக்டர் எழுதும் அட்டைகளில் அந்தச் சொல் குறைந்துபோனதை உர்சுலா கவனித்தார். ரத்தினம்மா மருந்தோடு இன்னும் ஆறு வருஷம் உயிரோடு இருந்தார். இடையில் மகளுக்குக் கல்யாணமும் செய்துவைத்தார்.