சரிகைப் பூவைப் பூச்சி என்று நினைத்த மீன்

'சளக்'...

அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் நான் முதன்முதலாக வேலைக்குப் போன பட்டுக் கடை. ஆளுயரக் கண்ணாடி பக்கத்தில் ஒரு மீன்தொட்டி. முதலாளி மகன் சென்னையிலிருந்து ஆசையாக வாங்கி வந்த மீன் அதில் இருந்தது.

சாதா மீன் இல்லை அது. தண்ணீருக்கு மேலே தொட்டி விளிம்பில் ஓர் ஈ உட்கார்ந்தால் போதும். மெல்ல அதற்கு நேர் கீழே வந்து நிற்கும், வாயை மட்டும் மேலே நீட்டும், தண்ணீரை ஒரே பீச்சு! ஈ பொத்தென்று விழும். விழுந்த கையோடு விழுங்கிவிடும்.

எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. ஆள் இல்லாத நேரத்தில் மூடியைத் திறந்து, தொட்டியின் மேல்விளிம்பில் எறும்பை விட்டு வேடிக்கை பார்ப்பேன்.

"மூடிய மூடுமா... பட்டு மேல தெறிச்சா யாரு பதில் சொல்றது?" என்பார் தேவகி அக்கா. புடவை விரித்துக் காட்டுவதோடு தொட்டியும் அவர் பொறுப்புதான்.

ஒரு முகூர்த்த சீசன். கல்யாணப் பெண்ணின் தோளில் அக்கா அரக்குப் புடவையைப் போட்டு, கண்ணாடி முன்னால் நிறுத்தினார். முந்தானை முழுக்கச் சின்னச் சின்ன சரிகைப் பூ புட்டா. விளக்கு வெளிச்சத்தில் மினுமினுத்தது.

சளக்!

புட்டாவைப் பூச்சி என்று நினைத்துவிட்டது பாவி மீன். பட்டில் திட்டுத் திட்டாக ஈரம். பெண்ணின் அம்மா, "கல்யாணப் பொடவைல எச்சித் தண்ணியா!" என்று கத்திவிட்டு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"மூடிய யாரு தொறந்து வெச்சது?" என்று முதலாளி கேட்டார்.

காலையில் திறந்தவள் நான். வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்... மறுநாளிலிருந்து அக்கா வரவில்லை. வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இன்று வேறொரு கடையில் நான் சூப்பர்வைசர். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அந்த மீனு இருக்குதாமா இன்னும்? நான் அன்னிக்கி மூடிய மூடினேனா இல்லியான்னு இத்தினி வருஷமா யோசிச்சிக்கினே இருக்கறேன் போ... மூடினா மாதிரிதான் இருக்குது."

அன்று பயம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இப்போது எனக்கு என்ன வந்தது? "பஸ் வந்துடுச்சிக்கா" என்றேன்.

பஸ் வரவில்லை.