நீர் இறைத்த அல்லிக்குளம்

சிராங்கூன் சாலையை ஒட்டிய எங்கள் வீட்டுத் தோட்டத்தில் சிறிய அல்லிக்குளம் ஒன்று உண்டு. மல்லிகைக்கு உரமாகுமே என்று சென்ற மாதம் அதன் அடிச்சேற்றை அள்ள நினைத்தேன். நீரையெல்லாம் இறைத்துவிட்டுக் கூடை எடுக்க உள்ளே போனேன்.

"அம்மா!" என்ற அலறல் கேட்டு ஓடிவந்தேன். ஏழு வயது மகள் மாலதி சேற்றில் தொடைவரை புதைந்திருந்தாள். துள்ளிய கெளுத்தியைப் பிடிக்க இறங்கினாளாம். கரையிலிருந்து கையைப் பற்றி இழுத்தேன். திமிறத் திமிற இடுப்புவரை இறங்கிவிட்டாள்.

பக்கத்து வீட்டுப் பாத்திமா அக்கா என் கூச்சல் கேட்டு ஓடிவந்தார். "இழுக்காதீங்க லா, கை கழண்டுடும்! தண்ணி கொண்டாங்க!"

கோழிக்கூட்டின் கதவைக் கழற்றிச் சேற்றின்மேல் போட்டு, அதில் குப்புறப் படுத்தார். சேறு இளக நான் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற, அவர் மாலதியின் கால்களைச் சுற்றிக் கையாலேயே சேற்றைத் தோண்டினார். மெல்ல மெல்லக் கால்கள் விடுபட்டன.

"தண்ணிகிட்ட போகாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்?" என்று அழுதேன்.

"தண்ணிதான் இல்லையேம்மா!"

நானும் அப்படித்தானே நினைத்திருந்தேன்!

இப்போது குளத்தை வற்ற விடுவதில்லை. நீண்ட கழியில் கட்டிய தகர டின்னால், கரையில் நின்றே சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளுகிறேன். அதுவும் மாலதி பள்ளிக்கூடம் போன பிறகுதான்.