பழனிமுத்துவின் இரண்டாவது கையெழுத்து

"செத்துப்போன பழனிமுத்துவுக்கு யாரு மொளகுக் கன்னு குடுத்தா?"

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று தொழிற்சங்கத் தலைவர் இந்திரகுமார் இப்படிக் கேட்டபோது நான் அந்தப் பெயரை மறுபடி வாசித்தேன். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தது நான்தான். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருப்பதால், தோட்டத்துக்கு எந்தக் கடதாசி வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். முப்பத்தோராவது பெயர் ராசம்மா. அடுத்த பெயர் அவருடைய கணவர் பழனிமுத்து. ஆளுக்கு நாற்பது மிளகுக் கன்று, இரண்டு நாள் பயிற்சி என்று போட்டிருந்தது. பயிற்சி நடந்த தேதி 2024 ஜூன் 9, 10. பழனிமுத்து இறந்தது 2021இல். அவரைக் குழியில் இறக்கிய நான்கு பேரில் இந்திரகுமாரும் ஒருவர்.

எல்லோரும் ராசம்மாவைப் பார்த்தார்கள். அவர் பையைக் கவிழ்த்து, ஒட்டியிருந்த கொழுந்தைத் தட்டிக் கொட்டினார்.

"எனக்கு எத்தன கிலோ?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பட்டியல் ஏன் அங்கே வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பொருளாதார அபிவிருத்திக்காக அரசாங்கம் நடத்தும் முகவரகம் ஒன்று இருக்கிறது. அதன் முழுப் பெயரை எழுத மூன்று வரி வேண்டும். நாங்கள் ஏஜென்சி என்போம். அது யாருக்கு என்ன கொடுத்தது என்பது பல வருடமாக ஏஜென்சிக்கு மட்டுமே தெரியும். பிறகு பாராளுமன்றத்தில் அதன் சட்டத்தைத் திருத்தினார்கள். உதவி பெற்றவர்களின் பெயர்களை அவரவர் இடத்திலேயே பதினான்கு நாள் ஒட்டிவைக்க வேண்டும். பட்டியலில் உள்ளவரோ, அவர் இல்லையென்றால் குடும்பத்தினரோ எழுதிக் கொடுத்தால், மேற்பார்வைக் குழு மாவட்டத்துக்கே வந்து விசாரிக்க வேண்டும். பழைய பட்டியல்களுக்கும் இது பொருந்தும். தோட்டம் முழுவதற்குமான அந்தப் பட்டியலில், எங்கள் பிரிவில் பழனிமுத்துவையும் சேர்த்து இருபத்துநான்கு பேரின் பெயர்கள் இருந்தன.

ராசம்மாவைத் தவிர உயிரோடிருந்த இருபத்திரண்டு பேரும் தமக்கு ஒரு கன்றும் கிடைக்கவில்லை என்றார்கள். ஆனால் ஒருவர் சொன்னதை மற்றவர் நம்பவில்லை. அடுத்த நாளே ஆட்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். பட்டியலில் பெயர் இருந்த ரஜிதா வீட்டுக்குப் பின்னால், மிளகுக் கொடி ஏற்றுகிற கிளிசரிடியா மரம் புதிதாக நட்டது எதற்கு? போன வருடம் கூரைத் தகரம் மாற்றினார்களே, அது எந்தக் காசு? ஆனால் இரண்டு பெயர் விழுந்தது ஒரு வீட்டுக்குத்தான். ராசம்மாவின் பின்பக்கத்துப் பலாமரத்தில் மூன்று மிளகுக் கொடிகள் உண்டு. அவை பழனிமுத்து வைத்தவை. அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

"மூணு அங்க நிக்கிது. மிச்சம் எழுபத்தேழு எங்க?" என்று குழாயடியில் கேட்டாள் ரஜிதா.

"லொறியில தம்புள்ளைக்குப் போயிருக்கும்" என்றது இன்னொரு குரல்.

"தம்புள்ளையில மரக்கறிதான்டி விப்பாங்க."

"அப்ப எங்க வித்தான்னு நீயே அவகிட்ட கேளு."

ராசம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் அப்படித்தான். எல்கடுவைக்கு மேலேயுள்ள இதே தோட்டத்தில், இதே லயத்து வரிசைவீட்டில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி, மாத்தளை டவுனில் ஒரு வீட்டில் வேலைக்கு விட்டார்கள். அங்கே நல்ல சிங்களம் படித்துக்கொண்டார். பதினெட்டு வயதில் திரும்பிவந்து கொழுந்து எடுக்கத் தொடங்கினார். இப்போது நாற்பத்தாறு வயது. சண்டைக்குப் போக மாட்டார். சண்டை வந்தால் சிரிப்பார். அந்தச் சிரிப்பே மற்றவர்களுக்கு எரிச்சல். மகள் தினுஷா ஓ.எல். வகுப்பில். மகன் நிமலன் எட்டாம் வகுப்பில்.

உண்மையைச் சொன்னால் நானும் அவரைச் சந்தேகப்பட்டேன். எதுவும் வாங்காதவர் ஏன் வாயைத் திறந்து மறுக்கவில்லை?

நான்காம் நாள் ஏஜென்சி ஜீப் வந்தது. வேறு யார் வீட்டுக்கும் போகாமல் ராசம்மா வீட்டு வாசலில் நின்றது. எங்கள் வீடு அதே வரிசையில் அடுத்த காம்பரா. லயத்து நடுச்சுவர் கூரைவரை போகாது, அங்கே பேசுவது இங்கே கேட்கும்.

"அக்கா, நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார் வந்த அதிகாரி. "செத்தவர் பேர்ல கையெழுத்து வச்சது நீங்கதானே? அது பொலிஸ் கேஸ். கன்னு கெடச்சிச்சுன்னு இந்தக் கடிதத்துல வச்சிடுங்க. நாங்க பாத்துக்குவோம்."

கடதாசி புரளும் சத்தம் கேட்டது.

"கண்ணாடி இல்லாம எனக்கு எழுத்துத் தெரியாது சேர். அடுத்த கெழம வாங்க."

ராசம்மாவுக்குக் கண்ணாடியே கிடையாது.

ஜீப் போனதும் நான் அங்கே போனேன். மேசையில் இரண்டு புதுப் புத்தகப் பைகள் இருந்தன. அதிகாரி வைத்துவிட்டுப் போனவை.

"அக்கா, நெசமா சொல்லுங்க. மாமா பேர்ல நீங்களா கையெழுத்து வச்சீங்க?"

"நான்தான்."

"கன்னு?"

"கன்னு எங்க புள்ள? சோத்துப் பார்சல்."

பிறகுதான் சொன்னார். அந்த ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் ஏஜென்சி கூட்டம் வைத்தது. மிளகு வளர்ப்பதைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசினார்கள். கன்று பிறகு வரும் என்றார்கள். முடிவில் கையெழுத்துத் தாள் வந்தது. அதன் மேல்பகுதியை ஃபைல் மட்டை மூடியிருந்தது. ஒரு கையெழுத்துக்கு ஒரு பார்சல். ராசம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள்.

"ஒரு பார்சல கொண்டுபோய் யாருக்குக் குடுக்கிறது? அதுல கோழித் துண்டு ஒண்ணுதான் இருக்கும். வீட்டுக்காரரு சொகமில்லாம வீட்டுல இருக்கிறாருன்னு சொன்னேன். அவரு பேரையும் போட்டேன். தோட்டத்துல பேரு விழுந்தாத்தானே எதுவும் கெடைக்கும்."

எங்கள் தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. வேலைக்குப் போனவருக்குச் செக்ரோல் புத்தகத்தில் அன்றைக்குப் பேர் விழும். பிறந்ததிலிருந்து அந்தப் புத்தகத்தைப் பார்த்தவருக்கு, தாளில் பேர் விழுவது பயப்படும் விஷயமாகப் படவில்லை.

"இத மடுவத்துல சொல்லியிருக்கலாமே?"

"செத்த புருசன் பேர்ல சோறு வாங்கித் தின்னான்னு சொல்றதுக்கா? கன்னு வித்தவன்னு சொன்னாலும் பரவாயில்ல." பிறகு கேட்டார். "பட்டியல்ல இருக்கிற அந்தத் தேதிய இன்னொருக்கா சொல்லு."

"ஒன்பது, பத்து."

"ஒம்பது ஞாயித்துக்கெழம. பத்து?"

போனில் பார்த்தேன். திங்கட்கிழமை.

"திங்கக்கெழம நாங்க எல்லாம் மலையில கொழுந்து எடுத்தோம். அன்னைக்கு அந்த மண்டபம் பூட்டு. செக்ரோலப் பாரு, எனக்குப் பேர் விழுந்திருக்கும்."

அன்று மாலையே மேற்பார்வைக் குழுவுக்கு முறைப்பாட்டை எழுதத் தொடங்கினேன். கணவர் பெயரில் கையெழுத்திட்டதை எழுதாமல் விட்டேன். வாசிக்கச் சொல்லிக் கேட்ட ராசம்மா தாளைத் திருப்பித் தந்தார்.

"பார்சலப் பத்தி ஒண்ணுமே இல்லையே."

"அது வேணாம்க்கா. நீங்கதான் மாட்டுவீங்க."

"அவனுங்க கையில அது இருக்கு. நான் மறைச்சா, அத வச்சே என்னப் பொய்க்காரியாக்குவானுங்க. மொதல்லயே எழுது."

எழுதினேன். அவர் கையெழுத்திட்டார். மற்ற வீடுகளுக்குக் கொண்டுபோனபோது ஒருவரும் பேனாவைத் தொடவில்லை.

"போன தடவ ஒரு தாளுல வச்சோம், பார்சல் வந்துச்சு. இந்தத் தடவ என்ன வரும்?" என்றார் இந்திரகுமார். "ஆமா, ஒனக்கு இதுல என்ன கெடைக்குது?"

பின்னால் நின்ற ராசம்மா முந்திக்கொண்டார்.

"அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் கெடைக்காது தலைவரே. மொதல் தாளுல மேல மூடியிருந்திச்சு, வச்சீங்க. இது தெறந்திருக்கு. வாசிச்சுட்டு வைங்க, இல்லாட்டி விடுங்க. நான் செஞ்சதும் அதுல இருக்கு."

இந்திரகுமார் வாசித்தார். கோழித் துண்டு வந்த இடத்தில் நிமிர்ந்து ராசம்மாவைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. தலைவர் கையெழுத்திட்டார். பட்டியல் ஒட்டியிருந்த பதினான்காம் நாளுக்குள் பதினொரு பேர் சேர்ந்தார்கள். ரஜிதா சேரவில்லை. தபாலில் அனுப்பினால் காணாமல் போகும் என்று பயந்து, நானும் ராசம்மாவும் மாத்தளைக்கு நேரில் போய்க் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்குச் சீட்டும் வாங்கினோம். அதிகாரி தந்த புத்தகப் பைகளை ராசம்மா ஏஜென்சிக் காரியாலயத்து மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

இரண்டு மாதம் கழித்து மாத்தளையில் விசாரணை நடந்தது. நீண்ட மேசையில் குழு உறுப்பினர்கள் ஐந்து பேர். ஒரு பக்கத்தில் அந்த அதிகாரி. ராசம்மா தமிழில் சொல்ல, ஓர் இளைஞர் சிங்களத்தில் மொழிபெயர்த்தார். நடுவில் ராசம்மா அவரை நிறுத்தினார்.

"பார்சல்னு சொன்னேனே, அத விட்டுட்டீங்க தம்பி."

குழுவில் ஒருவர் சிரித்தார். மொழிபெயர்ப்பாளர் திரும்பச் சொன்னார், இந்த முறை கோழித் துண்டோடு.

அதிகாரி எழுந்தார். இந்தப் பெண்ணே பொய்க் கையெழுத்திட்டதாக ஒப்புக்கொள்கிறார், இவர் பேச்சை எப்படி நம்புவது என்று கேட்டார். தலைமை தாங்கிய பெண் உறுப்பினர் அதையே ராசம்மாவிடம் கேட்டார்.

"நான் பொய்யாப் போட்டது ஒரு தடவ. அந்தத் தாளக் காட்டுங்க."

இரண்டு நாள் தாள்களையும் அவர் முன் வைத்தார்கள். ராசம்மா முதல் தாளில் விரலை வைத்தார்.

"இது என் கை. 'ப' போட்டு ஒரு கோடு. அவரு அப்படித்தான் போடுவாரு, அதப் பாத்து நானும் போட்டேன்." விரல் மற்றத் தாளுக்குப் போனது. "இதுல முழுப் பேரும் அழகா எழுதியிருக்கு. அவருக்கு முழுப் பேர் எழுத வராது. பக்கத்துல என் பேரும் இருக்கு. அன்னைக்கு நான் மலையில, செக்ரோல் இருக்கு. மொதல் நாள் நான் போட்டேன், அதுக்கு என்ன செய்யணுமோ செய்யுங்க. ரெண்டாவது நாள் யாரு போட்டா?"

அதிகாரி தன் ஃபைலைப் புரட்டிக்கொண்டே இருந்தார். தோட்டக் காரியாலயத்திலிருந்து செக்ரோலை எடுப்பிக்கும்படி குழு உத்தரவிட்டது. அது போய்ச் சேர ஒரு மாதம் எடுத்தது. ஜூன் 10ஆம் தேதி, எங்கள் இருபத்துநான்கு பேரில் இருபது பேருக்கு மலையில் பேர் விழுந்திருந்தது. பழனிமுத்துவுக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

குழுவின் அறிக்கை இன்னும் வரவில்லை. முதல் கையெழுத்துக்காக ராசம்மாவிடம் பொலிஸில் ஒரு வாக்குமூலம் வாங்கினார்கள். அவரும் எதையும் மாற்றாமல் சொல்லிவிட்டு வந்தார். மடுவத்தில் இப்போது தங்களுக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் கொடுக்கிறார்கள். ரஜிதா மட்டும் பலாமரத்தை இன்னும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவாள்.

அதிகாரியை இடம் மாற்றிவிட்டார்கள். எந்த மாவட்டத்துக்கு என்று இரண்டு முறை போன் செய்து கேட்டேன். சொல்லவில்லை. எனக்கு அது நல்லதாகப் படவில்லை. அங்கேயும் ஞாயிற்றுக்கிழமை உண்டு, மண்டபம் உண்டு, சோத்துப் பார்சலை இரண்டு பிள்ளைகளுக்குப் பங்கு வைக்கும் தாய்மார் உண்டு. அதனால் இதை வாசித்த நீங்கள் உங்களோடு வைத்துக்கொள்ளாமல், தாளில் கையெழுத்துக் கேட்கப்படக்கூடிய ஒருவருக்காவது சொல்லுங்கள். அவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் பக்கத்தில் இருந்து முழுவதும் சொல்லுங்கள், ராசம்மாவின் பார்சலையும் விட்டுவிடாமல்.