மேல்தளத்தில் மகளைக் காணவில்லை

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் நானும் என் கணவரும் போன கோடையில் ஐந்து வயது மகளையும் சின்ன மகனையும் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் கூட்டிப்போனோம். மறுநாள் காலை காற்று பலமாக அடித்தது. மேல்தளத்தில் மகன் வாந்தி எடுத்தான். அவன் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், பக்கத்தில் நின்றிருந்த மகளைக் காணவில்லை.

என் கண் முதலில் கம்பித் தடுப்புக்குத்தான் போனது. அதனடியில் அவளுடைய ஒற்றைச் செருப்பு கிடந்தது. எட்டிப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தேன். வெறும் நுரை.

"நீ இங்கயே இரு, நான் உள்ள போய்ப் பாக்கறேன்" என்று கணவர் ஓடினார். மகனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்து நின்றேன். தண்ணீரில் வெள்ளையாகத் தெரிந்ததெல்லாம் அவள் கவுனாகவே தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் அவர் கூப்பிட்டார். உள்ளே மாடிப்படியில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாத்துக்குடி இங்க வந்த?"

"அங்க தண்ணி ஜாஸ்தியா இருக்கும்மா. பயந்து ஓடியாந்துட்டேன். செருப்பு கழண்டுக்கிச்சு."

நானும் அதே படியில் உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதும் எனக்கும் மகளுக்கும் எழுந்து வெளியே போக மனம் வரவில்லை.