என் வண்டியிலிருந்து என் மகளை இறக்கிவிட்ட நாள்

போன வருடம் அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தின வாரம். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். திண்டுக்கல்லிலிருந்து நிலக்கோட்டை போகும் பேருந்தில் நான் கண்டக்டர். அது எனக்குத் தொடர்ந்து மூன்றாவது நாள் டபுள் டூட்டி. காலெல்லாம் மரத்துப்போய், எவன் என்ன கேட்டாலும் எரிந்து விழுகிற நிலைமை.

வண்டியில் மூச்சு விட இடமில்லை. இந்த மாதிரிக் கூட்டத்தில் டிக்கெட்டும் பாஸும் கை மாறிக் கை மாறித்தான் வரும், போகும். முன்பக்கமிருந்து ஒரு பள்ளிக்கூடப் பாஸ் அப்படி வந்தது. நாங்கள் பாஸில் முதலில் பார்ப்பது எந்த ரூட் என்றுதான். பார்த்தேன், சாணார்பட்டி ரூட். சுர்ரென்று கோபம் வந்துவிட்டது; பேரையோ போட்டோவையோ பார்க்கவே இல்லை.

"யாருத்தா இது? சாணார்பட்டி பாஸ வச்சுக்கிட்டு நிலக்கோட்டை வண்டில ஏறுனா எப்படி? அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்க" என்று கத்திவிட்டுப் பாஸைத் திருப்பிக் கொடுத்தனுப்பினேன். ஊரைத் தாண்டி ஒரு நிறுத்தத்தில் வண்டி நின்றது. யாரோ இறங்கினார்கள். விசில் கொடுத்துவிட்டேன்.

முன் சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா சத்தம் போட்டார். "ஏன் கண்டக்டரே, அந்தப் புள்ள அப்பா அப்பான்னு ரெண்டு தரம் உங்களத்தானே கூப்பிட்டுச்சு? காதுல விழலயா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீடு சாணார்பட்டிப் பக்கம்தான். விசிலை ஊதி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன். சர் சர்ரென்று லாரிகள் போகிற ரோட்டோரத்தில், புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள்.

"ஏத்தா, நீயா? அப்பான்னு ஓங்கிக் கூப்பிடக் கூடாதா?"

"நீங்க வேலையா இருந்தீங்கப்பா. எறங்கச் சொன்னீங்க, எறங்கிட்டேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கையைப் பிடித்து அழைத்து வந்து என் சீட்டில் உட்கார வைத்தேன். நிலக்கோட்டை போகும்வரை நான் யாருக்கு என்ன டிக்கெட் கிழித்தேன் என்றே எனக்குத் தெரியாது.

அங்கே கால் மணி நேரம் வண்டி நிற்கும். டீக்கடையில் அவளுக்கு இரண்டு பஜ்ஜி வாங்கிக் கொடுத்து, "சொல்லுத்தா, எதுக்கு இம்புட்டு தூரம் வந்த?" என்றேன். பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்.

"போர்டுல எழுதறது எதுவும் தெரியலப்பா. எல்லாம் மங்கலா இருக்கு. பக்கத்துல இருக்கவ நோட்டப் பாத்துத்தான் எழுதறேன். பரீட்சையில பெயிலாயிருவேனோன்னு பயமா இருக்கு. வீட்டுல உங்ககிட்ட மூணு தரம் சொன்னேன்."

மூன்று தரம்! நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு தரம்கூட நினைவில்லை. "நீங்க என்ன சொன்னீங்கன்னு தெரியுமா? மொத பெஞ்சுல போயி உக்காருன்னீங்க. அடுத்த ரெண்டு தரமும் உம் கொட்டிட்டுத் தூங்கிட்டீங்க. பஸ்ஸுலதான் நீங்க முழிச்சிருப்பீங்க, அதான் வந்தேன்" என்றாள். குற்றம் சொல்கிற குரலே இல்லை.

மறுநாள் லீவு போட்டேன். கண் டாக்டர் பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் எப்படிச் சமாளித்தாள் என்று கேட்டார். பிள்ளைக்குப் பீஸ் கட்டுகிறோம், கேட்டதை வாங்கித் தருகிறோம், அப்புறம் என்ன குறை என்று நினைத்திருந்த மடையன் நான். அது கேட்டதெல்லாம் ஐந்து நிமிடம் நான் முழித்துக்கொண்டு அதன் முகத்தைப் பார்ப்பதைத்தான்.

கண்ணாடி போட்ட பிறகு நன்றாகப் படிக்கிறாள். எனக்கு டபுள் டூட்டி இன்னும் போகவில்லை, அசதியும் போகவில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போனதும் போனைத் தூர வைத்துவிட்டு அவள் பக்கத்தில்தான் உட்காருகிறேன். ஆனால் இன்றைக்கும் அவள் எதையாவது சொல்ல வந்தால், "அப்பா, இப்பச் சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறாள்; பெற்ற அப்பனிடம் பேச என் பிள்ளை அனுமதி கேட்கும்படி வைத்துவிட்டேனே என்று ஒவ்வொரு தரமும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.