தனம் அக்காவின் இடது கை

தனம் அக்கா போய்விட்டார். இன்று காலை, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அவர் வீட்டில். ஹார்ட் அட்டாக்காம்...

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மெடிக்கலில் ஒன்றாக வேலை பார்த்தோம். அக்கா பார்மசிஸ்ட், நான் பில் போடுகிறவள்.

இடது கை முழங்கையோடு நின்று, நுனியில் இரண்டே விரல் இருக்குமே... அந்த அக்காதான். முகம் மறந்தவர்களுக்குக்கூட அந்தக் கை ஞாபகம் இருக்கும்.

அக்கா வயிற்றில் இருந்தபோது அவர் அம்மாவுக்கு வலிப்பு இருந்தது. அதற்குச் சாப்பிட்ட மாத்திரை பிள்ளையைப் பாதிக்கலாம் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிரகணத்தன்று காய் நறுக்கினாள், அதனால்தான் பிள்ளைக்கு இப்படி என்று தெருவே பேசியது. அம்மாவும் அதை நம்பி அழுதுகொண்டே இருந்தார்.

அக்கா பார்மசி படிக்கும்போது மதுரையில் ஒரு டாக்டர் சொல்லித்தான் உண்மை தெரிந்தது. அதற்குப் பிறகு அக்கா சும்மா இருக்கவில்லை.

வலிப்பு மாத்திரை வாங்க இளம்பெண்கள் வந்தால், இடது கையைத் தூக்கி கவுண்டர் மேல் வைப்பார். "பிள்ள பெறுத யோசனை இருந்தா இப்பமே டாக்டர்ட்ட சொல்லிரு. நீயா மாத்திரைய நிறுத்திராத. அவிய பாத்து மாத்தித் தருவாக."

ஓனருக்கு எரிச்சல். "ஏம்மா, வாரவங்கள இப்பிடிப் பயமுறுத்துத?"

"எங்கம்மாவ அன்னைக்கு யாராச்சும் பயமுறுத்தியிருக்கலாம்ல அண்ணாச்சி?"

ஓனர் கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒருமுறை கிருஷ்ணன்கோவிலில் மாற்றுத்திறனாளிகள் விழா. மேடையில் ஒருவர் "நீங்கள் எல்லாம் கடவுளின் செல்லப் பிள்ளைகள்" என்று உருகிக்கொண்டிருந்தார். அக்கா நேரே போய் மைக்கை வாங்கினார்.

"கடவுள் மேல பழி போடாதீக சார். என் கை மாத்திரையால போச்சு. என்னய மாதிரி எம்புட்டுப் பேருன்னு யாராச்சும் விசாரிச்சீகளா? பிறவி ஊனம்னு எல்லாரையும் ஒரே மூட்டையா கட்டி வச்சிருக்கீக."

அக்கா இறங்கி வந்து கேசரி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

இன்று மதியம் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வந்தது. அக்கா சிரிக்கிறார்... இடது பக்கம் முழுக் கை. ஐந்து விரல், வளையல் வேறு.

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் நல்ல மனசில்தான் யாருடைய கையையோ ஒட்டியிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இருக்கட்டும்த்தா, போற நேரத்துலயாச்சும் முழுசாப் போகட்டும். கிரகணம் செஞ்ச வேலைக்கு அவ என்ன செய்வா?" என்றார் ஒரு சொந்தக்காரர்.

அதுவரை சுவரோரம் சாய்ந்திருந்த அக்காவின் அம்மா எழுந்து வந்தார்.

"இது எவ கை?"

ஃப்ளெக்ஸில் அந்த வளையல் கையைத் தொட்டுக் காட்டினார்.

"கிரகணமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் தின்ன மாத்திரை. எவனும் எங்கிட்டச் சொல்லல. எம்மக ஒருநாளும் கைய மறச்சதில்ல, நீங்க யாரு மறைக்க? அவ கையோட படம் வரட்டும். பொறவு எடுக்கலாம்."

வேறு ஃப்ளெக்ஸ் வரும்வரை அக்காவை எடுக்க விடவில்லை. சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அம்மா அசையவே இல்லை.

புது ஃப்ளெக்ஸ் இப்போது தெருமுக்கில் நிற்கிறது. அதே சிரிப்பு, இரண்டு விரல். அந்தப் பக்கம் போனால் நின்று பாருங்கள்.

போயிட்டு வாங்க அக்கா... கையை வீசிக்கிட்டே போங்க.