லிஃப்ட்காரரின் வெயில்

மாத்திரையைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் லிஃப்ட்காரர். தேன் நிறத்தில் வழவழவென்று இருக்கிறது. காதருகே கொண்டுபோய் ஆட்டுகிறார். முகர்கிறார்.

“இதுக்குள்ள வெயில் இருக்காம். நாளைக்கு மழையை டப்பாவுல அடைச்சு விப்பான், அதையும் வாங்கிட்டு வா.”

அவர் மனைவி ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்கிறவர். ஊரெல்லாம் ஆயாம்மா என்றுதான் கூப்பிடும். தண்ணீர் தம்ளரோடு நிற்கிறார். வாராவாரம் நடக்கிற கூத்துதான் இது.

யாரையும் நம்பாமலிருப்பது லிஃப்ட்காரருக்குத் தொழிலோடு வந்த பழக்கம். எட்டுப் பேர் நிற்கிற இடத்தில் ஒன்பதாவது ஆள் நுழைந்து “நான் ஒல்லிதானே” என்பார். கனமே இல்லை என்று ஏற்றுகிற அட்டைப்பெட்டிக்குள் இரும்பு இருக்கும். பொத்தானை அழுத்துவதற்கு முன் கதவை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறினால், இறங்கி அதைச் சுவரோரம் நகர்த்தி வைத்து மறுபடியும் ஏறுவார். தரை பொய் சொல்லியிருக்கலாமில்லையா?

விடிந்ததும் அந்தப் பெட்டிக்குள் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. பல வருஷமாக இதே கதை. இடுப்பும் தொடையும் குடையத் தொடங்கியபோது வயசு என்று விட்டுவிட்டார். ஒரு நாள் கரண்ட் போய் லிஃப்ட் மாடி வாசலிலேயே நின்றது. கதவைக் கையால் திறக்க எழப் பார்த்தார். முக்காலி அவரை விடவில்லை. ஏறியிருந்தவர்களே திறந்துகொண்டு போனார்கள்.

“இன்னொரு தடவை இப்படின்னா வேற ஆளைத்தான் பாக்கணும், அண்ணே” என்றார் கட்டட மேலாளர்.

ரத்தத்தைச் சோதித்த டாக்டர், வைட்டமின் டி தரைதட்டிக் கிடக்கிறது என்றார். “வாரத்துக்கு ஒண்ணு போதும். நல்லதுன்னு தினம் முழுங்காதீங்க, கெடுதல்.”

அந்த இடத்தில்தான் நம்மவருக்குச் சந்தேகம் பிறந்தது. “நல்ல மருந்துக்கு எதுக்குக் காவல்? என்னமோ இருக்கு.”

மாத்திரை உள்ளே போனதா என்று வாயைப் பார்க்கும் வார்டு வழக்கத்தை ஆயாம்மா வீட்டுக்குக் கொண்டுவந்தார். “வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க.” வாய் காலியாகத்தான் இருந்தது. ஆனால் வலி இம்மியும் குறையவில்லை. பிறகு ஒரு துவைக்கிற நாளில், யூனிஃபார்ம் சட்டைப்பையில் எண்ணெய்க் கறை. தையலோரம் நசுங்கிய மாத்திரை ஒன்று ஒட்டியிருந்தது. கடைவாய்ப்பல் பிடுங்கிய பள்ளத்தில் ஒதுக்கிவைத்து, பிறகு பைக்கு மாற்றியிருக்கிறார்.

“வார்டுல எத்தனையோ கள்ளனைப் புடிச்சிருக்கேன். வீட்டுலயே ஒண்ணு வளந்திருக்கு.”

“நான் ஒண்ணும் சும்மா இல்ல. மத்தியானம் சாப்பிட்டதும் மாடி ஜன்னல்ல கையைக் காட்டிக்கிட்டு உக்காருறேன். ஓசி வெயிலு. அதுல எவனும் கலப்படம் பண்ண முடியாது.”

“ஜன்னலைத் திறந்து வெச்சா?”

“ஏசி கட்டடத்துல எவன் திறப்பான்? கண்ணாடிதான்.”

“அப்ப அது வெறும் சூடு. உடம்புக்கு வேண்டியது கண்ணாடியைத் தாண்டி வராது.”

“சூடு உள்ள வருமாம், சத்து வெளியவே நிக்குமாம். நல்லாருக்கு கதை.”

ஆயாம்மா அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டினார். “டாக்டரை நம்பாதீங்க. கடைக்காரனை நம்பாதீங்க. என்னையும் நம்ப வேணாம். உங்க காலை நம்புங்க. கையை ஊணாம எழுந்திருங்க, பாப்போம்.”

லிஃப்ட்காரர் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். ஒரு சாண் எழுந்ததும் தொடை வெடவெடத்தது. பொத்தென்று உட்கார்ந்தார். திரும்பவும் அதேதான். நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திப் போட்டு இன்னொரு முறை பார்த்தார். சுவரோரத்திலும் கால் அதையேதான் சொன்னது.

கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார்.

“ஞாயித்துக்கிழமை மொட்டைமாடிக்கும் வரணும். கை காலுல வெயில் நேரா படட்டும்” என்று மாத்திரையை வைத்தார் ஆயாம்மா. விளக்குக்கு நேரே பிடிக்காமல் அதை வாயில் போட்டு, தம்ளர் தண்ணீர் முழுவதையும் குடித்தார் லிஃப்ட்காரர்.

ஆயாம்மா ராத்திரி வேலைக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

“இந்தா, பாத்துட்டுப் போ.”

ஆயாம்மா திரும்பினார். யாரும் கேட்காமலே வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கி, கன்னத்தை விரலால் இழுத்து, அந்தப் பல் இல்லாத பள்ளத்தை விளக்கை நோக்கிக் காட்டிக்கொண்டிருந்தார் அவர்.